குறைந்த செலவில் தீவு உலா: லங்காவிக் கடலில் ஒரு நாள்



மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்ட நிலத்தைத் தீபகற்பம் என்கிறோம். நாம் வாழும் மேற்கு மலேசியாவும் ஒரு தீபகற்பமே. இதனைப் பாடநூலில் படிக்கிறோம். தேர்விலும் பிழையின்றி எழுதுகிறோம். ஆயினும், "உங்களுள் கடலில் கால் நனைத்தவர்கள் எத்தனை பேர்?" என்று ஒரு நாள் வகுப்பில் நாங்கள் வினவியபோது, உயர்ந்த கைகள் மிகச் சிலவே. எங்கள் பள்ளியிலிருந்து கடற்கரைக்குப் பேருந்தில் சென்றால் ஒன்றரை மணி நேரந்தான். அவ்வளவு அருகில் இருந்தும் கடல் நம் பிள்ளைகளுக்குப் படத்தில் மட்டுமே தெரிந்த பொருளாக இருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? "சுற்றுலா என்பது வசதி உள்ளவர்களுக்கு உரியது, நமக்கு எதற்கு?" என்னும் எண்ணமே முதற் காரணம். அந்த எண்ணம் சரிதானா என்று பார்த்துவிடலாம் என முடிவு செய்தோம். ஆசிரியர்களும் பெற்றோர் சிலரும் கூடிப் பேசி, ஓராண்டு சேமித்து, மாணவர் 21 பேரும் பெரியவர் 17 பேருமாக 38 பேர் லங்காவித் தீவுகளுக்குச் சென்று வந்தோம். அங்கே கண்டவற்றையும், செலவைக் குறைத்த முறையையும், எந்த இடத்தில் செலவைக் குறைக்கக் கூடாது என்று நாங்கள் கற்றுக்கொண்டதையும் இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

லங்காவி எங்கே உள்ளது?

லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவுக் கூட்டம். நம் முன்னோர் கடாரம் என்று போற்றிய நாடே இன்றைய கெடா. முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படையெடுத்ததை வரலாறு கூறுகிறது. அந்தக் கடாரத்தின் வடமேற்குக் கரைக்கு அப்பால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், அந்தமான் கடலும் மலாக்கா நீரிணையும் கூடுமிடத்தில் லங்காவி அமைந்துள்ளது.

இக்கூட்டத்தில் எத்தனை தீவுகள் உள்ளன என்று கேட்டால் சிலர் 99 என்பர். சிலர் 104 என்பர். இரண்டும் பொருத்தமான விடைகளே. எப்படி என்று வியக்கிறீர்களா? நிலவும் கதிரவனும் கடல் நீரைத் தம்பால் ஈர்க்கின்றன. அதனால் இப்பகுதியில் நாள்தோறும் இருமுறை கடல் நீர் ஏறுகிறது; இருமுறை இறங்குகிறது. நீர் ஏறும்போது மூழ்கிவிடும் சிறு திட்டுகள் நீர் இறங்கும்போது தலைகாட்டுகின்றன. அவற்றையும் சேர்த்து எண்ணுவோர் 104 என்கின்றனர். எண்ணும் நேரத்தைப் பொறுத்து விடை மாறும் கணக்கு இது!

லங்காவி என்னும் பெயருக்கும் ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. மலாய் மொழியில் 'ஹெலாங்' என்பது பருந்தைக் குறிக்கும்; 'காவி' என்பது செம்பழுப்பு நிறத்தைக் குறிக்கும். செந்நிறப் பருந்துகள் நிறைந்த இடமாதலால் இப்பெயர் வந்தது என்பர். 'காவி' என்னும் சொல் நமக்கும் புதியதன்று. குவா நகரின் கடற்கரையில் சிறகை விரித்து நிற்கும் பெரிய பருந்துச் சிலை இப்பெயரை நினைவூட்டுகிறது.

1987-ஆம் ஆண்டு லங்காவி வரிவிலக்குத் தீவாக அறிவிக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டு, இத்தீவுகளின் பழமையான பாறைகளை முன்னிட்டு, யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்கா என்னும் சிறப்பைத் தென்கிழக்காசியாவிலேயே முதன்முதலாக லங்காவி பெற்றது. இங்குள்ள மச்சிஞ்சாங் மலைப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் உருவாகத் தொடங்கியவை. நாட்டின் மிகப் பழமையான பாறைகள் இவையே.

செலவைக் குறைத்த வழி

கோலக் கெடாவிலிருந்து பயணிகள் கப்பலில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் குவா துறையை அடையலாம். கோலப் பெர்லிஸிலிருந்து சென்றால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நாங்கள் கோலக் கெடா வழியே சென்றோம்.

தீவுகளைச் சுற்றிக் காட்டும் படகுகளில் இருவகை உண்டு. ஒன்று, முழுப் படகையும் ஒரே குடும்பம் வாடகைக்கு எடுப்பது. மற்றொன்று, பலர் ஒரே படகில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்திச் செல்வது. இரண்டும் செல்லும் வழி ஒன்றே. காட்டும் தீவுகளும் அவையே. முழுப் படகுக்குச் செலுத்தும் தொகையோ பன்மடங்கு. நாலு பேர் கொண்ட குடும்பம் கூட்டுப் படகில் செல்வதே சிக்கனம். எங்களைப் போல் நாற்பது பேர் கூடிச் சென்றால் மொத்தமாகப் பேசிக் கட்டணத்தை இன்னும் குறைக்கலாம்.

பணம் கொடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுத் தெளிவுபெற வேண்டும். எத்தனை தீவுகளில் இறக்குவார்கள்? ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் தங்கலாம்? ஏரிக்குச் செல்லும் நுழைவுக் கட்டணம் இத்தொகையில் அடங்குமா, அன்றித் தனியா? இவற்றைக் கேளாமல் பணம் செலுத்தியவர்கள் பின்னர்த் தீவில் நின்று வருந்துவதைக் கண்டோம்.

உணவை வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றோம். விடியற்காலை 3 மணிக்கே எழுந்து தாய்மார்கள் புளிச்சோறு கட்டினார்கள். அவித்த முட்டையும் வறுத்த நெத்திலியும் துணைக்கு இருந்தன. குடிநீரையும் பெரிய புட்டிகளில் நிரப்பிக்கொண்டோம். லங்காவியில் பேருந்து வசதி குறைவு. ஆகையால் துறையிலிருந்து படகுத்துறைக்குச் செல்லவும் திரும்பவும் சிற்றுந்துகளை நாள் வாடகைக்குப் பேசிப் பங்கிட்டுக்கொண்டோம். பொது விடுமுறை நாளைத் தவிர்த்துச் சென்றதால் கூட்டமும் குறைவு, செலவும் குறைவு.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். படகில் மிச்சப்படுத்திய பணம் குவாவின் வரியில்லாக் கடைகளில் கரைந்துபோவதே வழக்கம். மலிவாகக் கிடைக்கிறதென்று தேவையில்லாததை வாங்கினால் அது சிக்கனம் ஆகாது. "ஆளுக்கு ஒரு பொட்டலம் சாக்லெட், அதற்குமேல் இல்லை" என்று புறப்படும்போதே பெற்றோர்கள் விதி செய்துகொண்டார்கள். ஏறக்குறைய எல்லாரும் அதனைக் காப்பாற்றினார்கள்!

படகுத்துறையில் நடந்தது

காலை 10 மணியளவில் படகுத்துறையை அடைந்தோம். நாங்கள் நான்கு படகுகளுக்குப் பேசி முன்பணமும் கட்டியிருந்தோம். அங்கே நின்றவையோ மூன்று. "நான்காவது படகு பழுது. மூன்றிலேயே ஏறிக்கொள்ளுங்கள். பிள்ளைகள்தாமே, நெருங்கி உட்காரலாம். கடலும் அமைதியாக இருக்கிறது" என்றார் படகுக்காரர்களின் தலைவர். ஒரு படகு பத்துப் பேருக்கு உரியது. அவர் சொன்னபடி ஏறினால் ஒவ்வொன்றிலும் பதின்மூன்று பேர் வரை ஏற நேரும். உயிர்காப்பு அங்கிகளை எண்ணிப் பார்த்தோம். எல்லாம் பெரியவர்களின் அளவு, அவையும் முப்பதுதான்.

எங்களுக்குள் கருத்து வேறுபட்டது. "முன்பணம் போய்விடும். மாலைக் கப்பலையும் பிடிக்க வேண்டும். பிள்ளைகளோ கடலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஏறிவிடலாம்" என்றனர் சிலர். உண்மையைச் சொன்னால், ஆசிரியர்களாகிய எங்களுள்ளும் சிலருக்கு அந்த எண்ணமே இருந்தது. ஓராண்டுச் சேமிப்பு கண்முன் நின்றது.

அப்பொழுது பால்மரம் வெட்டும் தாய் ஒருவர் முன்வந்தார். கூட்டங்களில் பேசி அறியாதவர். "சார், இருபத்திரண்டு வருசமா பால் வாளி தூக்குறேன். வாளி நிறைஞ்சபிறகு மேல ஊத்துனா, ஊத்துனது மட்டுமா போகும்? நடக்கையில தளும்பி, இருந்ததும் சேர்ந்து போகும். படகும் அப்படித்தானே?" என்றார்.

அதற்குமேல் ஒருவரும் பேசவில்லை. நான்காவது படகும் பிள்ளைகளின் அளவுக்கேற்ற அங்கிகளும் வரும்வரை ஏறமாட்டோம் என்று தெரிவித்தோம். தலைவருக்கு மனவருத்தந்தான். எனினும் வேறு துறையிலிருந்து ஒரு படகை வரவழைத்தார். அங்கிகளும் வந்தன. அதற்குள் ஒரு மணி நேரத்துக்குமேல் கழிந்துவிட்டது. அந்த நேரம் எங்கள் பயணத்தின் கடைசித் தீவில் குறைந்தது. பிள்ளைகள் சிலர் முகம் வாடினார்கள். அந்தத் தாய் கூறியது எவ்வளவு சரி என்பது அன்று மதியமே தெரிந்தது. அதனைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறோம்.

தாயாங் புந்திங்: கருவுற்ற மங்கையின் தீவு

படகு கரையை விட்டு அகன்றதும் இருபுறமும் பச்சை மலைகள் கடலிலிருந்து நேரே எழுந்து நின்றன. அவற்றின் அடிப்பகுதியை நோக்குமாறு பிள்ளைகளிடம் கூறினோம். நீர்மட்டத்தில் பாறை உட்புறமாகக் குடையப்பட்டு, காளானின் தண்டு போல் ஒடுங்கியிருந்தது. இவை சுண்ணாம்புக்கல் வகைப் பாறைகள். அலை ஓயாது மோதுவதாலும், நீர் சிறிது சிறிதாகக் கரைப்பதாலும், பாறையைத் துளைக்கும் சிறு கடலுயிர்களாலும் அந்தக் குடைவு உண்டாகிறது. கடின உழைப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

லங்காவிக் கூட்டத்தில் இரண்டாவது பெரிய தீவு தாயாங் புந்திங். கடலில் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து நோக்கினால், கருவுற்ற மங்கை ஒருத்தி மல்லாந்து படுத்திருப்பது போல் இதன் மலைவரிசை தோன்றும். பெயரின் பொருளும் அதுவே. மம்பாங் சாரி என்னும் தேவமங்கை மாட் தேஜா என்னும் இளைஞனை மணந்தாள். பிறந்த குழந்தை இறந்துபோகவே அதனை இங்குள்ள ஏரியில் சேர்த்தாள். பிள்ளைப்பேறு இல்லாத மகளிர் இந்நீரில் நீராடினால் பிள்ளைப்பேறு வாய்க்க அருளினாள் என்பது மலாய் மக்கள் வழிவழியாகக் கூறும் கதை.

துறையில் இறங்கி, படிகள் அமைந்த காட்டுப்பாதையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஏரி தோன்றுகிறது. நாற்புறமும் மலை, நடுவே கரும்பச்சை நீர். கடலுக்கும் ஏரிக்கும் இடையே குறுகிய பாறைச் சுவர் ஒன்றே தடுப்பு. ஒரு பக்கம் உப்பு நீர், மறு பக்கம் நன்னீர்! கடல் நீர் புகுந்து தேங்கியிருந்தால் அதனைக் காயல் என்போம். இதுவோ மழைநீர் நிறைந்த ஏரி. லங்காவியின் மிகப் பெரிய நன்னீர் ஏரி இதுவே.

இந்த ஏரி எப்படித் தோன்றியது? பல கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்விடம் கடலடியாக இருந்தது. சிப்பி முதலிய கடலுயிர்களின் ஓடுகள் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. பின்னர்ப் பூமிக்குள்ளிருந்து எழுந்த கொதிக்கும் பாறைக் குழம்பு அருகே வந்தபோது, அந்த வெப்பத்தால் சுண்ணாம்புக்கல் வெந்து சலவைக்கல் ஆயிற்று. களிமண் சூளையில் வெந்து செங்கல் ஆவதை இதற்கு ஒப்பிடலாம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்நீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலம் அரித்து, உள்ளே குகைகளை உண்டாக்கியது. ஒரு காலத்தில் குகையின் கூரை இடிந்து விழ, பெரும் பள்ளம் ஏற்பட்டது. அப்பள்ளத்தில் மழைநீர் நிறைந்து ஏரியாயிற்று.

ஏரியில் குளிப்பதற்கென்று மிதக்கும் மேடை அமைத்துள்ளார்கள். மேடையின் விளிம்பிலிருந்தே நீர் ஆழம். படிப்படியாக இறங்கும் கரை கிடையாது. இந்த வேறுபாட்டை ஆற்றில் மட்டும் குளித்துப் பழகியவர்கள் உணர்வதில்லை.

எங்கள் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் ஆற்றில் நன்றாக நீந்துபவன். "எனக்கு நீந்தத் தெரியும், அங்கி வேண்டாம்" என்று அடம் பிடித்தான். அவன் தந்தையார் கண்டிப்பாக அணிவித்தார். மேடையின் ஈரத்தில் ஓடியவன் வழுக்கி நீரில் விழுந்தான். விழுந்த வேகத்தில் வாயில் நீர் புகுந்து, மூச்சு முட்டி, நீந்துவதையே மறந்துவிட்டான். கைகள் மட்டும் நீரை அடித்தன. அங்கி அவனைத் தலை மேலாக நிறுத்தி வைத்தது. இரண்டு மூன்று நொடிகளில் தந்தையார் எட்டிப் பிடித்து மேலே தூக்கினார். பையன் இருமினான், அழுதான், பிறகு அமைதியானான். துறையில் முதலில் வந்த அங்கிகளுள் ஒன்றை அவன் அணிந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பெரியவர்களுக்குரிய அங்கி சிறுவனின் தலைக்குமேல் கழன்று மிதக்கும்; சிறுவன் கீழே போவான். இதனை நினைத்தபோது எங்கள் உடல் நடுங்கியது. இழந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி அதன்பின் எவரும் குறை கூறவில்லை.

பருந்துகள் வட்டமிடும் இடம்

அடுத்து, சிங்கா பெசார் தீவின் அருகே படகுகள் பொறியை நிறுத்தி மிதந்தன. வானில் செம்பருந்துகள் வட்டமிட்டன. உடல் செந்நிறம், தலையும் மார்பும் வெண்மை. இப்பறவையையே நாம் கருடன் என்கிறோம். கோவில் குடமுழுக்கின்போது வானில் கருடன் வட்டமிட்டால் கைகூப்புவது நம் வழக்கமல்லவா? எங்களுடன் வந்திருந்த பாட்டி ஒருவர் படகில் இருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அருகிருந்த படகு ஒன்றிலிருந்து கோழித்தோலை நீரில் எறிந்தார்கள். பருந்துகள் எல்லாம் அங்கே பாய்ந்தன. "நாமும் போடுவோம் சார்!" என்று எங்கள் பிள்ளைகள் கெஞ்சினார்கள். நாங்கள் இசையவில்லை. பருந்து வேட்டையாடி உண்ணும் பறவை. மீனும் நண்டும் பிடிப்பதற்கென்றே அதற்குக் கூர்நகங்களும் கூரிய பார்வையும் வாய்த்தன. கோழித்தோலும் கொழுப்பும் அதற்குரிய முழு உணவு அல்ல. மனிதன் எறிவதை எதிர்பார்த்தே வாழப் பழகினால் வேட்டைத் திறன் மங்கும். குஞ்சுகளும் அதனையே கற்கும் என்று இயற்கை ஆர்வலர்கள் எச்சரிக்கின்றனர். தூண்டில் பிடிக்கத் தெரிந்தவனை இரந்து உண்ணப் பழக்குவது உதவி ஆகுமா?

எங்கள் படகுக்காரரிடம் தீனி வேண்டாமென்று மலாய் மொழியில் பணிவாகக் கூறினோம். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். சற்று நேரம் காத்திருந்தோம். கூட்டத்திலிருந்து விலகிய ஒரு பருந்து, காடு நீரைத் தொடும் இடத்தில் சரேலென்று தாழ்ந்து, எதையோ பற்றிக்கொண்டு எழுந்தது. மீனா, நண்டா என்று தெரியவில்லை. நாற்பது பருந்துகள் கோழித்தோலுக்குச் சண்டையிட்டதைவிட, அந்த ஒரு பருந்து தன் உணவைத் தானே தேடியதையே மாணவர்கள் பின்னர்க் கட்டுரையில் எழுதினார்கள்.

பெராஸ் பாசா: ஈர அரிசித் தீவு

கடைசியாகப் பெராஸ் பாசா தீவில் இறங்கினோம். 'பாசா' என்றால் ஈரம். 'பெராஸ்' என்றால் அரிசி. இங்கே ஒரு மொழிச் செய்தி. ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் 'ரைஸ்' என்னும் ஒரே சொல்தான். மலாய் மொழியிலோ வயலில் விளைவது 'பாடி', குத்தியது 'பெராஸ்', சமைத்தது 'நாசி'. தமிழிலும் நெல், அரிசி, சோறு என்று மூன்று சொற்கள் உள்ளன அல்லவா? அரிசியை உண்டு வாழும் மக்களுக்கு ஒரு சொல் போதாது!

வெண்மணலும் தெளிந்த நீரும் கொண்ட அழகிய கரை இது. ஒரு மணி நேரம் தங்குவதாக இருந்தோம். அரை மணி நேரமே கிடைத்தது. பிள்ளைகள் மணலைக் கையில் அள்ளிப் பார்த்தார்கள். வெண்மணலில் சிப்பித் துண்டுகளும் பவளத் துண்டுகளும் கலந்திருக்கும். பவளம் என்பது கல்லன்று; சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டும் வீடு. காலால் மிதித்தால் அது உடையும். மீண்டும் வளர நெடுங்காலம் ஆகும். ஆகையால் பாறையிலும் பவளத்திலும் ஏறி நிற்கக் கூடாது.

கருடனைக் கண்டு வணங்கிய பாட்டியைப் பற்றி மீண்டும் சொல்ல வேண்டும். அவர் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே மரம் வெட்டி ஓய்வுபெற்றவர். எழுபது வயதுவரை கடலில் இறங்கியதில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கணுக்கால் அளவு நீரில் நின்றார். குனிந்து ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "எங்க அப்பா இந்தக் கடல்மேலதான் வந்தாரு. கப்பல்ல பட்ட பாட்டைச் சொல்லிச் சொல்லி அழுவாரு. கடலை நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார்.

நம்முள் பலருடைய பாட்டனார்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏறி, வங்கக் கடலைக் கடந்து பினாங்கில் இறங்கியவர்கள். அவர்கள் விரும்பிச் செய்த உல்லாசப் பயணம் அன்று அது. வயிற்றுப் பிழைப்புக்காகக் கடலைக் கடந்தார்கள்; கரையேறியபின் தோட்டத்துக்குள் சென்று கடலை மறந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அதே கடலைக் கண்டு மகிழ்வதற்கு உரிமையும் உண்டு, வழியும் உண்டு. அந்தப் பாட்டியின் பயணச் செலவு, பேத்தி ஓராண்டாக உண்டியலில் போட்ட காசு என்பதைத் திரும்பும்போதுதான் அறிந்தோம்.

செல்வோர் அறிய வேண்டியவை

1. பருவம் அறிந்து செல்க. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் முதலிய கிழக்குக் கரைத் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும். லங்காவி மேற்குக் கரையில் இருப்பதால் அக்காலத்தில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகுதி. எக்காலமாயினும் மலேசிய வானிலைத் துறையின் அறிவிப்பைக் கேட்டபின் புறப்படுக.

2. உயிர்காப்பு அங்கி அவரவர் அளவுக்குப் பொருந்த வேண்டும். வார்களைக் கட்டியபின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பொருந்தாத அங்கி. படகு நிற்கும்போதும் கழற்றக் கூடாது.

3. முதியோரும் முதுகுவலி உள்ளோரும் படகின் முன்புறம் அமரக் கூடாது. விரைவுப் படகு அலைமீது தாவும்போது முன்புறமே அதிகம் தூக்கிப் போடும். பின்புறமும் நடுவிடமும் நல்லவை. கருவுற்ற தாய்மார்கள் விரைவுப் படகைத் தவிர்ப்பது நலம்.

4. கடலில் குமட்டல் வருவது ஏன்? உடல் ஆடுகிறது என்று காதின் உட்புறம் மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. படகின் உட்புறத்தையே நோக்கும் கண், ஒன்றும் ஆடவில்லை என்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் தலை சுற்றுகிறது. தொலைவில் வானும் கடலும் சந்திக்கும் கோட்டை நோக்கினால் குறையும். வயிறு முட்ட உண்டுவிட்டு ஏறாதீர்கள். இஞ்சி மென்றாலும் சிலருக்குப் பயன் தரும்.

5. தாயாங் புந்திங் தீவின் நீண்டவால் குரங்குகள் பிளாஸ்டிக் பையைக் கண்டால் பறிக்கும். உணவைத் துணிப்பையில் மூடி வையுங்கள். குரங்குக்கு உணவு தராதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அதனை அது சண்டைக்கு அழைப்பதாகக் கொள்ளும். கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரமிட்டு நன்றாகக் கழுவி மருத்துவரிடம் செல்க.

6. மலாய் மொழியில் 'ஓபோர்-ஓபோர்' எனப்படும் இழுது மீன்கள் லங்காவிக் கடலில் உண்டு. அவற்றுள் பெட்டி வடிவ இழுது மீனின் நஞ்சு உயிரைப் போக்கவல்லது. கொட்டினால் உடனே கரையேறுக. அவ்விடத்தைத் தேய்க்கக் கூடாது. குடிநீரால் கழுவவும் கூடாது. வினிகரைத் தாராளமாக ஊற்றி, 999 என்னும் எண்ணுக்கு அழைத்து மருத்துவ உதவி பெறுக. ஒரு புட்டி வினிகரின் விலை சில வெள்ளிதான். பையில் இருக்கட்டும்.

7. கடல் நீர் திடீரென வெகுதூரம் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காது மேட்டை நோக்கி ஓடுக. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை லங்காவியையும் பினாங்கையும் தாக்கியதை நாம் மறக்கலாகாது.

நிறைவாக

மாலையில் குவா துறைக்குத் திரும்பினோம். வெறுமையான சோற்றுப் பொட்டலங்களும் நீர்ப்புட்டிகளும் ஒன்றுகூடக் கரையில் விடப்படாமல் எங்களுடனே திரும்பி வந்தன. பிள்ளைகள் கப்பலில் ஏறியதும் உறங்கிவிட்டார்கள். ஏரியில் விழுந்த மாணவன் மட்டும் தந்தையார் மடியில் விழித்திருந்து, "அடுத்த வருசமும் போவோமா?" என்று கேட்டான்.

பெற்றோர்களே! உணவிலும், உறைவிடத்திலும், வாங்கும் பொருளிலும் சிக்கனம் செய்யலாம்; அதனால் இன்பம் குறையாது. படகின் அளவிலும், அங்கியிலும், வானிலை பார்ப்பதிலும் சிக்கனம் செய்தால் அது கஞ்சத்தனம்கூட அன்று, பேதைமை. முன்பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகத் தவறான படகில் ஏறிவிடாதீர்கள். கூலிக்கு உழைப்பவன் குறைத்துக் கேட்கலாம். குறைந்த பாதுகாப்பை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மாணவர்களே! இன்றே ஓர் உண்டியல் தொடங்குங்கள். நாளைக்குப் பத்துக் காசு என்றாலும் போடுங்கள். நீந்தக் கற்றுக்கொள்ளுங்கள். தீபகற்பம் என்னும் சொல்லின் பொருளை ஒரு நாள் உங்கள் கால்களாலும் அறிந்து வாருங்கள்.

வாழ்க வளமுடன்!